மிஸ்ரமா, கண்டமா? முதலில் காலத்தைச் சொல்

கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மாலை. அரசலாறு கரையை நக்கிக்கொண்டு ஓடியது. அக்காள் மகன் உறை போட்ட மிருதங்கத்தை மார்போடு அணைத்தபடி வந்து திண்ணையில் உட்கார்ந்தான். மாசியில் அவர்கள் ஊர்க் கோயில் உற்சவத்தில் அவனுடைய சிநேகிதன் பாடுகிறான், இவன் வாசிக்கிறான். பிரதான உருப்படி ஆதி தாளம், இரண்டு களை, அதாவது எட்டு எண்ணிக்கை ஒவ்வொன்றும் இரண்டு தட்டாக நடப்பது. பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்குமாம்.

"மாமா, தனியில் மிஸ்ர நடை போடலாமா, கண்டம் போடலாமா? சங்கீர்ணத்தையும் லேசாகத் தொட்டுவிட்டு வரலாமா?"

"எந்தக் காலப் பிரமாணத்தில்?" என்றேன். விழித்தான். நடையைப் பற்றி மூன்று மாதமாக யோசித்திருக்கிறான். பாட்டு எந்த வேகத்தில் நடக்கப்போகிறது என்பதை ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காவிரிக் கரையில் மிருதங்கமோ தவிலோ கற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான். அவனுக்கு அன்று சொன்னதையும், அடுத்த சில வாரங்களில் இருவருமாகச் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலுள்ள வெளியை எத்தனை பங்காகப் போடுகிறோம் என்பதுதான் நடை. நான்கு போட்டால் சதுஸ்ரம், மூன்று திஸ்ரம், ஐந்து கண்டம், ஏழு மிஸ்ரம், ஒன்பது சங்கீர்ணம். பாட்டு இதுவரை நான்கில் நடந்து வந்திருக்கும். தாளம் போடுகிறவர் மனத்திலும் நான்குதான் ஓடும். அதன்மேல் நாம் ஐந்தையோ ஏழையோ ஓட்டுகிறோம். கேட்பவர் உடம்பில் பழைய நான்கு இன்னும் அடங்காமல் இருப்பதால்தான் புதிய நடைக்கு ருசி. அந்த நான்கு அழிந்துபோனால், அதாவது தட்டே நகர்ந்துவிட்டால், மிச்சம் வெறும் சத்தம்தான்.

கையின் வேகம் அல்ல சிக்கல்

மிஸ்ரம் என்றால் வேகமான கை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்; வாத்தியத்தில் விழும் ஒவ்வோர் அடியையும் ஒரு சொல் என்போம். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நடுத்தரக் காலத்தில் கண்ட நடை வாசித்தால் நிமிடத்துக்கு 300 சொல். அதே 300 சொல், 75 தட்டில் சதுஸ்ரம் வாசித்தாலும் வந்துவிடும். மேல்காலத் திஸ்ரம், அதாவது தட்டுக்கு ஆறு, 360 சொல். 90 தட்டுச் சதுஸ்ரத்துக்குச் சமம். மிஸ்ரம் 420, 105 தட்டுச் சதுஸ்ரம். மூன்று வருடம் ஒழுங்காகச் சாதகம் செய்த பிள்ளை 60 தட்டில் சதுஸ்ரத்தை மேல்காலத்தில் வாசிப்பான். அது 480 சொல். மிஸ்ரத்துக்கு வேண்டிய வேகத்தைவிட அதிகமாகவே அவன் கையில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் கவிழ்கிறது? கை தனக்குப் பழகிய வேகத்தை விட மறுக்கிறது, அதனால்தான். 60 தட்டில் சதுஸ்ரம் வாசிக்கும்போது ஒரு சொல்லுக்குக் கால் விநாடி. அந்த வேகத்தை மாற்றாமலே திஸ்ரத்துக்குப் போனால் தட்டு முக்கால் விநாடியாகச் சுருங்கி, காலம் 80-க்கு ஓடிவிடும். கண்டத்துக்குப் போனால் தட்டு ஒன்றேகால் விநாடியாக நீண்டு, காலம் 48-க்கு இழுக்கும். திஸ்ரம் ஓடும், கண்டமும் மிஸ்ரமும் இழுக்கும். யாரும் முழுசாக 80-க்கோ 48-க்கோ போய்விடுவதில்லை. ஆனால் தவறு எந்தத் திசையில் நேரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தன் தவறு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தவன் பாதி தப்பித்தான்.

எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. இருபத்தாறு வயதில் ஒரு திருவிழாக் கச்சேரியில், தனியின் நடுவே கண்டத்துக்குப் போனேன். கை பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டது, காலம் இழுத்தது. எனக்கோ எல்லாம் கம்பீரமாக நடப்பதாக நினைப்பு. முத்தாய்ப்பான கோர்வையை முடித்துத் தலை நிமிர்ந்தால், பாடகர் தன் தாளத்தை நீட்டி, எனக்காகக் கையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். பெருந்தன்மைதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கீழ்காலம், நடுக்காலம், மேல்காலம்: எது எளிது?

மெதுவாக வாசிப்பது எளிது என்று நினைத்து மாணவர்கள் கீழ்காலத்தில், அதாவது தட்டே மெதுவாக நடக்கும் வேகத்தில், தொடங்குகிறார்கள். கைக்கு எளிதுதான். நடைக்கு அது கடினம்.

மிஸ்ரத்தையே எடுத்துக்கொள்வோம். தகிட தகதிமி, மூன்றும் நான்கும். நூற்றில் எண்பது பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றுதான் (எண்பது என்பது என் எரிச்சலின் கணக்கு). தட்டின் முதல் பாதியில் தகிடவைத் திணித்து, மறு பாதியில் தகதிமியை வைத்துவிடுவார்கள். அது மிஸ்ரம் அல்ல. அரைத் தட்டுத் திஸ்ரமும் அரைத் தட்டுச் சதுஸ்ரமும் ஒட்டுப்போட்டது. சரியான மிஸ்ரத்தில் தகதிமியின் 'த' தட்டின் நடுவுக்குச் சற்று முன்பே வந்துவிட வேண்டும், தட்டில் பதினான்கில் ஒரு பங்கு முன்னால். நிமிடத்துக்கு 40 தட்டு என்ற காலத்தில் அந்த வித்தியாசம் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். திண்ணையில் வெற்றிலை மடிப்பவருக்கே கேட்டுவிடும். 80 தட்டில் அது பாதியாகிவிடும். லய ஞானம் உள்ளவரைத் தவிர மற்றவருக்குத் தெரியாது.

திஸ்ரத்துக்கும் இப்படியொரு வியாதி உண்டு. தகிட என்ற மூன்றும் சமமாக விழாமல், 'தா' நீண்டு 'கிட' குறுகி, குதிரை ஓடுவதுபோல் ஆகிவிடும். உள்ளே இன்னும் நான்கு ஓடுகிறது, அதில் இரண்டை முதல் சொல்லுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கீழ்காலத்தில் இந்தக் குதிரை நன்றாகக் கேட்கும். மேல்காலத்தில் குதிரை மறைந்து நல்ல திஸ்ரம்போலவே கேட்கும்.

ஆகவே மேல்காலம் தவறை மறைக்கும், கீழ்காலம் காட்டிக்கொடுக்கும். சாதகத்துக்குக் கீழ்காலம், மேடைக்கு நடுக்காலம் என்பது என் கட்சி. மேடையில் ஏன் மேல்காலம் கூடாது? தவறு மறைவதுபோலவே சரியும் மறைந்துவிடுகிறது. 90 தட்டில் நீங்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கும் கண்டம், கேட்பவருக்குச் சற்று நெரிசலான சதுஸ்ரமாகத்தான் போய்ச் சேரும். யாருக்காக அந்தப் பாடு?

நடுக்காலத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. நம் பாடத்தில் காலம் இரட்டித்துத்தான் ஏறும்: ஒன்று, இரண்டு, நான்கு. பாட்டுப் பாடமான வர்ணமானாலும் மிருதங்கச் சொல்லடுக்கான சொற்கட்டானாலும் திரிகாலம், அதாவது மூன்று வேகத்திலும், செய்வது அப்படித்தான். எங்கள் பக்கத்து மேளக்காரர்கள் மல்லாரியை இப்படித்தான் படித்தார்கள். சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் வாசிக்கிற, சாகித்தியமே இல்லாத அந்த உருப்படியை மூன்று காலத்திலும் திஸ்ரத்திலும் கொண்டுபோவார்கள். தாளம் அசையாது, உரு மட்டும் அதன்மேல் ஏறி இறங்கும். நடைக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

ஆனால் வீட்டில் ஒரே தொடக்க வேகத்தில் திரிகாலம் செய்கிற பிள்ளைக்கு 40 தெரியும், 80 தெரியும், நடுவில் 55 தெரியாது. 40-இல் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைக்கிறான். 80-இல் எண்ண நேரமில்லை. சொல் கொத்துக் கொத்தாகத் தானாக வருகிறது. 55-இல் எண்ணவும் முடியாது, கொத்தாகவும் வராது. பாடகர் பிடிக்கிற காலமோ பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கும்.

இதற்கு மாற்றாக, இயந்திரத்தில் தினமும் இரண்டிரண்டு தட்டாக ஏற்றிக்கொண்டே போகும் முறையைச் சிலர் சொல்கிறார்கள். செய்து பார்த்தோம். இடைவெளி நிரம்புகிறது என்பது உண்மை. ஆனால் பிள்ளையின் புத்தி எண்ணை ஏற்றுவதிலேயே போய்விடுகிறது. 'மாமா, இன்று 72' என்கிறான். எழுபத்திரண்டில் என்ன வாசித்தாய் என்றால் பதில் இல்லை. நான் தேர்ந்தது கலவை: திரிகாலமேதான், ஆனால் தொடக்க வேகத்தைத் தினமும் மாற்றுவது. திங்களன்று 40, செவ்வாயன்று 46, புதனன்று 52. இரட்டிக்கும் ஒழுங்கும் போகவில்லை, நடுக்காட்டிலும் நடந்தாகிவிட்டது.

நடையை மாற்றுவதா, நான்குக்குள் கோப்பதா?

இந்தக் கேள்வியைத்தான் அவன் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஐந்தும் ஏழும் ஒன்பதும் காதில் விழ இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தட்டையே ஐந்தாகவோ ஏழாகவோ பிரிப்பது; அதுதான் நடை பேதம். மற்றது, சதுஸ்ரத்திலேயே இருந்துகொண்டு, சொற்களை ஐந்தைந்தாகவோ ஏழேழாகவோ கோத்துக்கொண்டு போவது. முதல் வழியில் சொல்லின் வேகம் மாறும், ஒவ்வொரு கொத்தும் தட்டில் தொடங்கித் தட்டில் முடியும். இரண்டாவதில் வேகம் மாறாது. கொத்தின் தலை தட்டைவிட்டு நகர்ந்து நகர்ந்து சுற்றி வரும்.

இரண்டாவது வழியின் கணக்கு அழகானது. இரண்டு களை ஆதியில் 16 தட்டு. தட்டுக்கு நான்கு வீதம் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 64 மாத்திரை. 64-இல் ஒன்றைக் கழித்தால் 63. அது ஏழு ஒன்பது. சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், ஒரு மாத்திரை விட்டுத் தொடங்கி, ஏழு சொல் கொத்தை ஒன்பது முறை வாசித்தால் அடுத்த சமத்தில் வந்து நிற்பீர்கள். அதே இடத்தில் தொடங்கி ஒன்பது சொல் கொத்தை ஏழு முறை வாசித்தாலும் அங்கேதான் நிற்பீர்கள். மூன்று சொல் கொத்து என்றால் இருபத்தொரு முறை, அதுவும் 63. ஐந்து மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது: 12 முறை வாசித்தால் 60, எனவே ஒரு தட்டு முழுவதையும் விட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இதை முதன்முதலில் காகிதத்தில் எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எந்தக் காலத்துக்கு எது? மேல்காலத்தில் கோப்பதே மேல். வேகம் மாறாததால் தட்டு நழுவாது; கொத்தின் தலை விலகி விலகிப் போவது அந்த வேகத்திலும் சபைக்குப் புரியும். கீழ்காலத்தில் கோப்பது சோபிக்காது. கொத்துக்கும் கொத்துக்கும் இடையில் நேரம் அதிகம். கேட்பவர் முந்தைய தலை எங்கே விழுந்தது என்பதை மறந்துவிடுகிறார். அங்கே நடை பேதத்துக்குத்தான் இடம்: நான்கு போய் ஏழு வரும்போது தட்டுக்குள் திடீரென்று ஆள் நடமாட்டம் கூடினதுபோல் இருக்கும். நடுக்காலத்தில் இரண்டும் எடுபடும். வாசிப்பவனின் துணிச்சலைப் பொறுத்தது.

கண்டமா மிஸ்ரமா என்பதற்கும் இங்கே ஒரு வார்த்தை. 'ததிகிணதொம்' தெரியாத மிருதங்கக்காரன் இல்லை. அது ஐந்து சொல். கண்ட நடையில் ஒரு தட்டுக்கு ஒன்றாக அப்படியே உட்காரும். முதல் நாளிலிருந்து நாக்கில் ஊறிய சொல்லை வைத்து நடையைப் பிடிப்பதால் கண்டம் சீக்கிரம் வசப்படும். மிஸ்ரத்துக்கு அதே சொல்லில் 'த'வுக்கும் 'தி'க்கும் பின் ஒவ்வொரு மாத்திரை கார்வை விட வேண்டும். கார்வை என்பது வெற்றிடம்; வெற்றிடத்தைச் சமமாகப் பிடிப்பது சொல்லைச் சமமாகப் பிடிப்பதைவிடக் கடினம். சங்கீர்ணத்தில் நான்கு இடத்தில் கார்வை. இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

யார் தாளம் போடுவது?

மிருதங்கம் வாசிப்பவனுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். பாடகர் தொடையில் தாளம் போடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் சாதகத்தில் தட்டை யார் காட்டுவது என்பது பெரிய கேள்வி. நாங்கள் நான்கு வழிகளை முயன்றோம்.

வாயால் சொல்லிக் கையால் தாளம் போடுவது முதல் வழி. பழைய வழி, செலவில்லாத வழி. அடைமழை மாதத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிப்போய், வாத்தியத்தை எடுக்கவே மனம் வராதபோது இது ஒன்றுதான் நடக்கும். இதன் பெருமை என்னவென்றால் நான்கும் ஐந்தும் ஒரே உடம்பில் இருக்கின்றன. கை நான்கின் சாட்சி, வாய் ஐந்து. ஒன்று மற்றொன்றை இழுத்தால் உடனே உறைக்கும். குறை என்னவென்றால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதால் சேர்ந்தே ஓடிவிடும், சேர்ந்தே இழுத்துவிடும். நீதிபதியும் திருடனும் ஒரே வீட்டில் குடியிருந்தால் வேறென்ன நடக்கும்?

இரண்டாவது, மெட்ரோனோம் அல்லது கைப்பேசியிலுள்ள தாளச் செயலி. ஓடினால் விடாது, இழுத்தால் விடாது, முகத்துக்காகவும் பார்க்காது. ஆனால் மருமகன் அதோடு வாசிப்பதை அரை மணி நேரம் கவனித்தபோது ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு 'டிக்'கையும் கேட்டு, கேட்ட பிறகு தன்னைத் திருத்திக்கொள்கிறான். கண்டத்தின் முதல் நான்கு சொல்லும் தன் போக்கில் போகின்றன. ஐந்தாவது சொல்தான் சுருங்கியோ நீண்டோ கணக்கைச் சரிக்கட்டுகிறது. இயந்திரம் தட்டை மட்டும்தான் காவல் காக்கிறது. தட்டுக்குள் நடக்கும் அநியாயம் அதற்குத் தெரியாது. தட்டுக்குள் ஐந்தையும் ஒலிக்கவைக்கும் வசதி செயலியில் உண்டு. அதைத் தொடாதே என்றேன். நடக்கப் பழகும் குழந்தையை இடுப்பிலேயே தூக்கிவைத்துக்கொள்வதுபோல் அது. தலைகீழாகச் செய்வது நல்லது: நான்கு தட்டுக்கு ஒரு முறை மட்டும் ஒலிக்க வைப்பது, பழகியதும் ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை. நிமிடத்துக்கு 50 தட்டில் இரண்டு களை ஆதியின் ஓர் ஆவர்த்தனம் 19 விநாடிக்குச் சற்று மேல். அவ்வளவு நேரம் யாரும் கைகொடுக்காமல் மிஸ்ரத்தில் நடந்து, சமத்தில் அந்த ஒரே ஒலியோடு சேர்ந்து விழுந்தால் அவன் மிஸ்ரம் வாசிக்கிறான் என்று ஒப்புக்கொள்வேன்.

மூன்றாவது, ஜால்ரா பிடிக்க ஓர் ஆள். நாகஸ்வர மேளத்தில் தாளம் போடவே தனியாக ஒருவர் இருப்பார். தவில்காரர் இரண்டு கையும் கவலையில்லாமல் வாசிப்பது அவரை நம்பித்தான். எதிர்வீட்டில் ஒரு பெரியப்பா இருக்கிறார். நாற்பது வருடம் தவிலோடு வீதி சுற்றியவர். இப்போது தோள் ஒத்துழைக்காததால் வாசிப்பதில்லை. அவரைக் கெஞ்சி அழைத்து வந்தேன். அவர் ஜால்ராவை எடுத்து முதல் ஐந்து நிமிடம் சாதாரணமாகத் தாளம் போட்டார். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், அரைத் தட்டிலும் மெல்ல ஓர் ஒலி கொடுத்தார். மருமகன் தடுமாறி நின்றுவிட்டான்.

"தம்பி, கண்டத்தில் அரைத் தட்டு எங்கே விழும், சொல்லு."

அவனுக்குத் தெரியவில்லை. ஐந்தில் பாதி இரண்டரை. எனவே அரைத் தட்டு மூன்றாவது சொல்லுக்கும் நான்காவது சொல்லுக்கும் நட்டநடுவில் விழ வேண்டும். மிஸ்ரத்தில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். திஸ்ரத்தில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். எந்தச் சொல்லின் தலையிலும் அது விழக் கூடாது. விழுந்தால் நடை கோணலாகிவிட்டது என்று பொருள். நான் முன்னே சொன்ன மிஸ்ர ஒட்டுவேலையை இந்தச் சோதனை ஒரே தட்டில் பிடித்துவிடும். எந்தச் செயலியும் இதைத் தானாகச் செய்யாது. பெரியப்பாவுக்குத்தான் எப்போது செய்ய வேண்டும் என்று தெரியும்.

நான்காவது வழி, இன்னொரு வாத்தியம். நான் என் மிருதங்கத்தில் சதுஸ்ரத்தில் சர்வலகு, அதாவது கணக்கில்லாத நேர் ஓட்டம், வாசிப்பேன், அவன் அதன்மேல் திஸ்ரம் ஓட்ட வேண்டும். கேட்க அற்புதமாக இருக்கும், கற்பவனுக்கோ நரகம். என் நான்கு அவன் மூன்றை விழுங்கப் பார்க்கும். காதை மூடிக்கொண்டு வாசித்தால் தப்பித்துவிடலாம், ஆனால் அது ஏமாற்று. நடை கைக்கு வருவதற்கு முன் இதைச் செய்தால் கேடு. வந்த பிறகு செய்தால், மேடையில் கடமும் கஞ்சிராவும் என்ன செய்தாலும் அசைய மாட்டான்.

எங்கள் பங்கீடு இப்படி முடிந்தது: தினமும் வாயும் கையும், வாரத்தில் இரண்டு நாள் பெரியப்பாவின் ஜால்ரா, இயந்திரம் ஞாயிறன்று மட்டும், தணிக்கை அதிகாரியைப்போல. நான்காவதை தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம்.

வீதியும் மேடையும்

வீட்டில் சரியாக வந்தது வெளியேயும் அப்படியே வரும் என்று நம்பாதீர்கள், சரிந்துவிடும். ஒலிக்கு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் வேகம். 17 மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து தாளம் உங்கள் காதுக்கு வர விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 80 தட்டில் மிஸ்ரத்தின் ஒரு சொல்லே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். பாதிச் சொல் காணாமல் போய்விட்டது. 40 தட்டில் அதே தாமதம் ஒரு சொல்லில் கால் பங்குகூட இல்லை. திறந்தவெளியில் சிக்கலான நடைக்குக் கீழ்காலம் பாதுகாப்பு என்பதற்கு இது ஒன்றே போதும். புறப்பாட்டில் மேளக்காரர்கள் தோளோடு தோள் உரச நடப்பதும் சும்மா இல்லை. திருவையாற்றில் ஆராதனையின்போது பஞ்சரத்தினக் கிருதிகளைக் கூட்டமாகப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஐந்தும் ஆதி தாளம்தான், ஆனால் பந்தலின் கோடியில் உட்கார்ந்து காதை நம்பித் தாளம் போட்டவருக்கு நான் சொல்வது புரியும். அங்கே கண்ணைத்தான் நம்ப வேண்டும், முன்னால் இருப்பவர் கையைப் பார்த்து.

மேடையிலும் அதையே சொல்கிறேன். பாடகரின் கை தெரியும்படி உட்கார். ஒலிபெருக்கி உன் காதுக்கு அருகில் இல்லையென்றால் அதைக் கேட்காதே.

தவில்காரரைப் பார்த்து மிருதங்கக்காரன் காலம் தேர்வதும் ஆபத்து. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை என்று தவிலுக்குப் பேர்போன மண் இது. அந்த மோகம் எனக்கும் உண்டு. ஆனால் தவிலில் வலந்தலை என்ற வலப்பக்கத் தோலில் விரல்கூடு, தொப்பி என்ற இடப்பக்கத் தோலில் குச்சி. ஓசை பளிச்சென்று வெடித்து அடங்கிவிடும். நெருக்கமான சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பியில் தோலை அழுத்திக் கும்கி கொடுத்தால் நாதம் நின்று இழையும். கீழ்காலத்தில் அந்த இழை நமக்குச் சொத்து, கார்வையை அது நிரப்பும். மேல்காலத்தில் அதுவே ஒரு சொல்லை அடுத்ததோடு குழைத்துவிடும்.

மருமகன் என்ன செய்யப்போகிறான்?

சிநேகிதன் ஒத்திகையில் பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்து வரச் சொன்னேன். எண்ணிப் பார்த்தோம். நிமிடத்துக்கு 50 தட்டு, இரண்டு களையின் ஒவ்வொரு தட்டையும் சேர்த்து. சரணத்தில் 53-க்கு ஏறியிருந்தான். பாடகர்கள் ஏறத்தான் செய்வார்கள். பன்னிரண்டு நிமிடத்துக்கு முப்பத்தேழு ஆவர்த்தனம் வரும். கடம் இருந்தால் அதில் பாதிதான் இவனுக்கு.

50 தட்டில் கண்ட நடைக்கு விநாடிக்கு நான்கு சொல்லுக்குச் சற்று மேல். நிதானமாக வாசிக்கலாம், கோணினால் கேட்டுவிடும், ஆனால் மூன்று மாதத்தில் நேராக்கிவிடலாம். மிஸ்ரத்துக்கு விநாடிக்கு ஆறு சொல்லுக்குச் சற்றுக் குறைவு. கை வரும், கார்வை வராது. இந்த மாசிக்கு வேண்டாம் என்றேன். முகம் வாடியது. சங்கீர்ணத்தை விட்டுவிட மனமில்லாதவனுக்கு அந்த 63-ஐக் காட்டினேன்: சதுஸ்ரத்திலேயே இருந்து, ஒரு மாத்திரை விட்டு, ஒன்பது சொல் கொத்தை ஏழு முறை. ஓர் ஆவர்த்தனம் அது. அடுத்த ஆவர்த்தனம் ஏழு சொல் கொத்து ஒன்பது முறை. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் விழும். நடை மாறவில்லை, தட்டு நழுவ வழியில்லை, மிஸ்ரமும் சங்கீர்ணமும் சபையில் கேட்டுவிடும். விரலை மடக்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்தான். மூன்றாம் முறை எண்ணும்போது சிரித்துவிட்டான்.

திட்டம் இதுதான். சதுஸ்ரத்தில் தொடக்கம், நடுவில் எட்டு ஆவர்த்தனம் கண்ட நடை, ததிகிணதொம்மைத் துணையாகக் கொண்டு, திரும்பச் சதுஸ்ரம், அதில் அந்த இரண்டு 63, பிறகு தனியை முடிவுக்குக் கொண்டுவரும் குறைப்பு, மோரா, கோர்வை. கண்டத்திலிருந்து சதுஸ்ரத்துக்குத் திரும்பும் முதல் இரண்டு தட்டுகளைத் தனியாக நூறு முறை சாதகம் செய்ய வேண்டும். போகும்போது இழுத்த கை, வரும்போது ஓடும். வாசிப்பவர்கள் போவதற்குத் தயாராகிறார்கள், திரும்புவதற்குத் தயாராவதில்லை. சாதகக் காலம் 46, 50, 54. மூன்றும் மாறி மாறி, எந்த நாள் எது என்று பெரியப்பாதான் சொல்வார், முன்கூட்டிச் சொல்ல மாட்டார்.

"அடுத்த வருடம் மிஸ்ரம் போடலாமா, மாமா?"

"சிநேகிதன் எந்தக் காலத்தில் பாடப்போகிறான் என்று கேட்டுக்கொண்டு வா."

வெள்ளிக்கிழமை மாலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாத்தியத்தை என் வீட்டிலேயே விட்டுப் போனான். வழியில் மீண்டும் தூறல் பிடித்துவிட்டது. எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பெரியப்பா, ஜால்ராவின் கயிறு நைந்துவிட்டது, புதுக்கயிறு வாங்கிவை என்று குரல் கொடுத்தார்.